பதிவேட்டில் 34, பாயில் 18: பால்வாடிக்கு ஆள் கேட்க எந்தக் கணக்கைக் காட்டுவது?

கேள்வி: நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில் எஸ்டேட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. எங்கள் பால்வாடியில் 34 பிள்ளைகள் பதிவு. தினமும் வந்து உட்காருவது 18 பேர். ஆயா பணியிடம் காலி. டீச்சருக்கு அடுத்த ஊர் மையமும் கூடுதல் பொறுப்பு என்பதால் மாதத்தில் 8 நாள் அங்கே போய்விடுகிறார். அன்றைக்கு இங்கே பூட்டு. மனு கொடுத்தால், “பணியாளர் பணியிடம் நிரம்பித்தான் இருக்கிறது, தேசிய சராசரியைப் பார்த்தால் உங்கள் மையத்தில் பிள்ளைகளே குறைவு” என்கிறார்கள். எந்தப் புள்ளிவிவரத்தைக் காட்டிக் கேட்பது?
– மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர் ஒருவர்

பதில்: தேசிய சராசரியை முதலில் ஓரமாக வையுங்கள். அதை வைத்து வாதாடினால் தோற்பீர்கள்; தோற்கவும் தேவையில்லை, ஏனென்றால் பணியிடம் அந்தச் சராசரிப்படி ஒதுக்கப்படுவதே இல்லை. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில் ஆள் கணக்கு மையத்துக்குத்தான், பிள்ளைகளுக்கு அல்ல. முதன்மை மையம் என்றால் ஒரு பணியாளர் (டீச்சர்), ஓர் உதவியாளர் (ஆயா). 15 பிள்ளைகள் வந்தாலும் 40 பேர் வந்தாலும் அதே இருவர்தான். நாட்டில் ஏறக்குறைய 14 லட்சம் மையங்கள். தமிழ்நாட்டில் 54,439, அதில் 49,499 முதன்மை, 4,940 குறு மையங்கள். பதிவான பிள்ளைகளை இந்த எண்ணால் வகுத்தால் ஒரு சராசரி கிடைக்கும். அது நடந்து முடிந்ததன் விளைவு; இத்தனை பிள்ளைக்கு இத்தனை ஆள் என்ற விதி அல்ல. அதைக் காட்டி உங்கள் மையத்தின் உதவியாளர் இடத்தைக் காலியாக விட எந்த அடிப்படையும் கிடையாது. நீங்கள் கேட்பது புதுப் பணியிடம் இல்லை, ஏற்கெனவே அனுமதித்த இடம். மனுவின் முதல் வரியிலேயே இதை எழுதிவிடுங்கள்.

அடுத்து, அந்த 34ஐப் பிரிக்க வேண்டும். மாதத்தின் 1ஆம் தேதியைக் கணக்கு நாளாக வைத்துக்கொண்டு, பிறந்த தேதியைப் பார்த்து நான்கு கட்டமாக எழுதுங்கள்: 6 மாதம் வரை, 6 மாதம் முதல் 2 வயது வரை, 2 முதல் 3, 3 முதல் 6. உங்கள் ஊரில் இது 2, 9, 6, 17 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். முதல் கட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்ப்பால்தான். இரண்டாவது கட்டத்துக்குச் சத்துமாவு வீட்டுக்குப் போகிறது. ஆக 11 பேர் பதிவேட்டில் இருப்பார்கள், பாயில் உட்கார மாட்டார்கள். இது குறை அல்ல, திட்டமே அப்படித்தான். மூன்று வயதுக்கு மேற்பட்ட 17 பேரில் 3 பேர் வேன் ஏறித் தனியார் எல்கேஜிக்குப் போனால் மிச்சம் 14. இரண்டு முதல் மூன்று வயதில் 4 பேர் வருகிறார்கள். இதோ உங்கள் 18. “பதிவு 34, வருகை 18, பாதிப் பேர் வரவில்லை” என்று யாராவது சொன்னால், வர வேண்டியவர்கள் 34 பேரே இல்லை என்பதை இந்தக் கட்டம் காட்டிவிடும்.

அந்த 2 முதல் 3 வயதுக் கட்டம் முக்கியம். தமிழ்நாட்டில் 2 வயது முடிந்ததுமே மையத்துக்கு வந்து சூடான உணவு சாப்பிடுகிறார்கள். தேசிய அட்டவணைகளில் முன்பருவக் கல்வி என்றால் 3 முதல் 6 மட்டும். அதனால் உங்கள் பாயில் உட்காரும் அந்த நாலு வாண்டுகள் அந்த அட்டவணையில் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள். வேலை வாங்குவதோ அவர்கள்தான்.

சராசரி வருகையில் வகுக்கும் எண்ணைக் கவனியுங்கள். மாதத்தில் வேலை நாள் 25, மையம் திறந்தது 17 நாள், ஒவ்வொரு நாளும் 18 பேர் என்றால் மொத்த வருகை 306. திறந்த நாளால் வகுத்தால் 18. வேலை நாளால் வகுத்தால் 12.24. இரண்டும் சரியான கணக்குதான், சொல்லும் சேதி வேறு. முதலாவது, திறந்தால் எத்தனை பேர் வருகிறார்கள் என்பது. இரண்டாவது, பூட்டினால் எவ்வளவு இழக்கிறோம் என்பது. 12 என்ற எண் தனியாகப் போய் மேசையில் உட்கார்ந்தால் “ஆளே வருவதில்லை” என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். பக்கத்தில் மையம் பூட்டியிருந்த 8 தேதிகளையும் எழுதுங்கள்.

“பணியிடம் நிரம்பிவிட்டது” என்ற வாதத்துக்கும் இதே மருந்துதான். நிரம்பியது என்பது நியமன ஆணையைப் பற்றிய பேச்சு, வாசலில் ஆள் நிற்பதைப் பற்றியது அல்ல. ஒரு பணியாளர் இரண்டு மையம் பார்த்தால் அட்டவணையில் இரண்டு மையமும் இயங்கும் மையமாகத்தான் இருக்கும். ஆள் நாள் கணக்குப் போடுங்கள். அனுமதித்த பணியிடம் 2, வேலை நாள் 25, ஆக இருக்க வேண்டியது 50 ஆள் நாள். கிடைத்தது பணியாளரின் 17 நாள் மட்டும், அதாவது 34 சதவீதம். பணியாளர் பணியிடம் 100 சதவீதம் நிரம்பியது என்ற எண்ணும், உங்கள் ஊருக்குக் கிடைத்தது 34 சதவீதம் என்ற எண்ணும் ஒரே மாதத்தில் உண்மையாக இருக்க முடியும். மனுவில் நறுக்கென்று உட்காருவது இந்த ஒரு வரிதான்.

இப்போது விகிதம். 2013ஆம் ஆண்டின் முன்பருவக் குழந்தைகள் பராமரிப்பு, கல்வி தேசியக் கொள்கையை ஒட்டிய தர அளவுகளில் 3 முதல் 6 வயதுக்கு 20 பிள்ளைக்கு ஒருவர், 3 வயதுக்குக் கீழே 10 பிள்ளைக்கு ஒருவர். இந்த இரு வயதுப் பிரிவினரும் கலந்து உட்காரும் இடத்தில் தனித்தனியாக வகுத்துக் கூட்டுவதே சரி: 14ஐ 20ஆல் வகுத்தால் 0.7, 4ஐ 10ஆல் வகுத்தால் 0.4, மொத்தம் 1.1. பதினெட்டையும் மொத்தமாக இருபதோடு ஒப்பிட்டால் ஒருவர் போதும் என்றாகிவிடும். பிரித்துப் பார்த்தால் ஒருவர் போதாது.

அதுவும் டீச்சர் பிள்ளைகளோடு இருக்கும் நேரத்துக்கு மட்டும்தான். ஆயா இல்லாத மையத்தில் காலை பத்தரை மணிக்கு என்ன நடக்கிறது? அடுப்பில் உலை கொதிக்கும். அதை விட்டு நகர முடியாது. அடுத்த அறையில் 18 பிள்ளைகள். சமையல் நடக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கு விகிதம் 18க்கு 1 அல்ல, 18க்கு 0. எடை பார்த்து, உயரம் அளந்து, போஷன் டிராக்கர் என்ற அங்கன்வாடிச் செயலியில் ஏற்றும் நாளிலும் இதே கதிதான்; பந்தலூர்ப் பக்கம் சிக்னல் தேடி வாசலுக்குப் போனால் இன்னும் மோசம். ஒரு வாரத்துக்கு மணிவாரியாக எழுதிப் பாருங்கள்: மையத்தில் எத்தனை பெரியவர்கள், அவர்களில் பிள்ளைகளோடு எத்தனை பேர். கட்டம் போட்ட ஒரு நோட்டு போதும்.

எந்த மாதத்தை எடுப்பது என்பதிலும் சறுக்கல் உண்டு. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு நவம்பர். யானை நடமாட்டம் இருக்கும் நாள்களில் பிள்ளைகளை யாரும் அனுப்புவதில்லை. தேயிலைக் கொழுந்து அதிகம் வரும் மாதத்தில் வருகை ஏறும், அம்மா காலையிலேயே மலைக்குப் போய்விடுவதால். ஒரு மழை மாதம், ஒரு கொழுந்து மாதம் என்று இரண்டையும் காட்டுங்கள். நல்ல மாதத்தை மட்டும் பொறுக்கிக் காட்டினால் எதிராளி அடுத்த மாதத்தைக் காட்டுவார். எண்ணைக் கூட்டிக் காட்டும் யோசனையும் வேண்டாம்: முட்டை இருப்புப் பதிவேட்டை வருகைப் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் வெளுத்துவிடும். ஜார்க்கண்ட், அசாமிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளைத் தனியாக எண்ணுங்கள். பெயர் சொந்த ஊர் மையத்தில் இருக்கும், பிள்ளை இங்கே இருக்கும். பதிவை இங்கே மாற்றிக்கொள்ள போஷன் டிராக்கரிலேயே வழி உண்டு.

வெளிப் புள்ளிவிவரம் ஏதாவது சேர்க்கத்தான் வேண்டுமென்றால் மூன்று பள்ளங்களைத் தாண்டிப் போங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் “0–6” என்பது 6 வயது முடிந்த பிள்ளைகளையும் சேர்த்து ஏழு வயது அடுக்கு. அங்கன்வாடியின் “0–6” ஆறு நிறையும் வரை, ஆறு அடுக்கு. 2011 எண்ணை அப்படியே எடுத்தால் அந்த எண்ணில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கும். அதோடு அந்தப் பிள்ளைகள் இன்று உயர்நிலைப் பள்ளி, கல்லூரி வயதில் இருக்கிறார்கள். யூடைஸ் (UDISE) என்பது பள்ளிகளைப் பற்றிய அரசுக் கணக்கு; தனியே நடக்கும் அங்கன்வாடியும் விளையாட்டுப் பள்ளியும் அதில் தேடினால் கிடைக்காது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 5ஆம் சுற்றில் (2019–21) 5 வயதுப் பிள்ளைகளில் முன்பருவப் பள்ளிக்குப் போனவர்கள் 13.6 சதவீதம் என்று இருக்கும். மீதி 86 சதவீதமும் வீட்டில் இருக்கிறார்கள் என்று அதைப் படித்துவிடக் கூடாது. ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளும் அந்த மீதியில்தான் வருவார்கள்.

பணியிட விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். “ஏன் ஆள் போடவில்லை?” என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குப் பதில் தராமல் தட்டிக்கழிப்பது எளிது. ஆவணமாக இருப்பதைக் கேளுங்கள்:

“எங்கள் மையத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியாளர், உதவியாளர் பணியிடங்களின் எண்ணிக்கை, உதவியாளர் பணியிடம் காலியான தேதி, பணியாளருக்குக் கூடுதல் பொறுப்பு வழங்கிய ஆணையின் நகல், கடந்த 12 மாதங்களில் மையம் திறந்த நாள்களின் எண்ணிக்கை, மாதவாரியாக.”

மையத்தின் பெயரோடு அதன் குறியீட்டு எண்ணையும் எழுதுங்கள். ஒரே ஊர்ப் பெயரில் இரண்டு மையம் இருந்தால் பதில் மாறி வரும்.

கையில் இவ்வளவும் வந்த பிறகு கேட்க வேண்டியதை வரிசைப்படுத்துங்கள். முதலில் உதவியாளர் நியமனம். அடுத்து, கூடுதல் பொறுப்பை நீக்குவது, அல்லது அந்த 8 நாளுக்கு மாற்று ஏற்பாடு. மூன்றாவதாகத்தான் குழந்தைகள் காப்பகம். மத்திய அரசின் மிஷன் சக்தியின் கீழ் 2022 ஏப்ரல் முதல் வந்த பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்க்கலாம்: 6 மாதம் முதல் 6 வயது வரை 25 பிள்ளைகள், மாதம் 26 நாள், தினம் ஏழரை மணி நேரம், மையத்தின் இருவரோடு காப்பகத்துக்கென்று தனிப் பணியாளரும் உதவியாளரும் உண்டு. இதற்கு வேலைக்குப் போகும் அம்மாக்களின் பட்டியல், அவர்கள் புறப்படும் நேரம், திரும்பும் நேரம், இப்போது பிள்ளையைப் பார்ப்பது யார் என்ற நாலு விவரம் தேவை. பல வீட்டில் கடைசிக் கட்டத்தில் “அக்கா, 9 வயது” என்று எழுத வேண்டி வரும். அப்படியே எழுதுங்கள்.

அதே பட்டியலில் எஸ்டேட் பெயர்ப்பட்டியலில் இருப்பவர்களையும் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 12ஆம் பிரிவின்படி 50 பெண் தொழிலாளர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள் 20 பேர் இருந்தால் தோட்டம்தான் பிள்ளைக் காப்பகம் நடத்த வேண்டும் என்று இருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 50 தொழிலாளர்கள் என்கிறது. பெண்கள் மட்டும் என்ற கணக்கு இல்லை. இரண்டிலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எண்ணிக்கையில் சேர்வார்கள். எஸ்டேட் தனியாருடையது என்றால் அங்கே தகவல் உரிமை மனு செல்லாது; தொழிலாளர் துறையின் தோட்ட ஆய்வாளரிடம் ஆய்வுக் குறிப்பைக் கேட்கலாம்.

மனுவின் ஒரு நகல் வட்டாரத்தின் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு, இன்னொன்று ஊட்டியில் மாவட்டத் திட்ட அலுவலருக்கு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்தால் மனு எண்ணோடு ரசீது கையில் வரும். உங்கள் ஊர் ஊராட்சி எல்லைக்குள் இருந்தால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைகளில் எது முதலில் வருகிறதோ அதில் தீர்மானம் போட்டு நகலை இணையுங்கள். தீர்மானத்தில் “ஆள் பற்றாக்குறை” என்று பொதுவாக எழுத விடாதீர்கள். 50 ஆள் நாளுக்கு 17 என்று எண்ணாகவே ஏற வேண்டும்.