பின் எண் வேறு, கடவுச்சொல் வேறு

கேள்வி: தோட்டக் கூட்டுறவுக் கடையின் கணக்கெல்லாம் மடிக்கணினியில் இருக்கிறது. விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாற்றியதும் பின் எண்ணை ஏற்க மறுக்கிறது. கைப்பேசி வழியே கடவுச்சொல்லை மாற்றினேன். புதியதையும் தவறு என்கிறது. பட்டணத்துக் கடையில் ஃபார்மட் அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வேண்டவே வேண்டாம். கணக்கு பத்திரமாக இருக்கிறது, கதவுதான் திறக்கவில்லை.

பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. உள்ளேயிருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லோடு பிணைந்தது. மேம்படுத்தும்போது அந்தப் பிணைப்பு கெட்டால், சரியான எண்ணை அடித்தாலும் பலிக்காது. கடவுச்சொல்லோ மைக்ரோசாஃப்ட் கணக்குக்குரியது. நீங்கள் அதை மாற்றிய சேதி மடிக்கணினிக்கு இன்னும் எட்டியிருக்காது. இணையம் கிடைக்கும்வரை அதற்குத் தெரிந்தது பழைய சொல்தான். முதலில் அதையே அடித்துப் பாருங்கள்.

திறக்கவில்லையா? நுழைவுத் திரையின் வலது கீழ்மூலையில் இணையக் குறி இருக்கும். கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு அங்கிருந்தே இணையுங்கள். சிக்னல் ஒரு கோடுதான் என்றால் கைப்பேசியை ஜன்னலோரம் வையுங்கள். இந்த வேலைக்கு அதுவே போதும். பிறகு 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' அழுத்தி, சாவிப் படத்தைத் தேர்ந்து, புதிய கடவுச்சொல்லை அடியுங்கள். சாவிப் படமே காணோம் என்றால் 'ஐ ஃபர்காட் மை பின்' வழியே போகலாம். அதற்கும் இணையம் வேண்டும்.

அடிக்கும்போது பெட்டியோரக் கண் படத்தை அழுத்திப் பிடித்து, விழுகிற எழுத்தைப் பாருங்கள். அஞ்சல் விசைப்பலகை சேர்த்திருப்பவர்களுக்கு இங்கேதான் அடிக்கடி சறுக்கும்: விசைப்பலகை தமிழில் நிற்கும், நாம் ஆங்கிலம் என்று நினைத்து அடித்துக்கொண்டிருப்போம். அதே மூலையில் மொழியை மாற்றலாம்.

உள்ளே போனதும் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் என்று சென்று பின் எண்ணைப் புதிதாக வையுங்கள். 'ரீசெட் திஸ் பிசி' பக்கம் போகாதீர்கள். 'கீப் மை ஃபைல்ஸ்' என்று தேர்ந்தாலும் ஆவணங்கள்தான் தங்கும், நீங்கள் நிறுவிய கணக்கு மென்பொருள் போய்விடும்.

கேள்வி: மேம்படுத்தியபின் நீலத்திரை வந்து 48 இலக்கச் சாவி கேட்கிறது. நான் அப்படி எதுவும் வைக்கவில்லையே?
– வாசகர், பாகான் செராய்

பதில்: அது பிட்லாக்கர், வட்டில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. பல மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததுமே தானாக இயங்கிவிடும், சாவியும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படும். கைப்பேசியில் கணக்கைத் திறந்து 'டிவைசஸ்' பகுதியில் தேடுங்கள். பல சாவிகள் இருந்தால், நீலத்திரையில் தெரியும் 'கீ ஐடி'யின் முதல் 8 எழுத்துகளோடு ஒப்பிடுங்கள். பள்ளியோ அலுவலகமோ கொடுத்த கணினி என்றால் சாவி அவர்களிடம் இருக்கும். எங்குமே கிடைக்காவிட்டால் வட்டைத் திறக்க மைக்ரோசாஃப்டாலும் ஆகாது. ஃபார்மட் அடிக்க வேண்டிய நேரம் அதுதான்.