கேள்வி பதில்: மஞ்சள் பஸ், பாக்கெட் புத்தகம், கார்னகி லைப்ரரி

கேள்வி: அமெரிக்காவுல ஸ்கூல் பஸ் எல்லாம் ஏன் அந்த ஒரே மஞ்சள் கலர்ல இருக்கு?

பதில்: 1939ல நியூயார்க்ல, கொலம்பியா பல்கலைக்கழகத்தோட டீச்சர்ஸ் காலேஜ்ல, ஃபிராங்க் சைர்னு ஒரு பேராசிரியர் இதுக்காகவே ஒரு கூட்டம் போட்டார். அதுவரைக்கும் ஊருக்கு ஊர் வேற வேற வண்டி, சில எடத்துல குதிரை வண்டிகூட. வெளிர் மஞ்சள்ல ஆரம்பிச்சு செவப்பு கலந்த ஆரஞ்சு வரைக்கும் பெயின்ட் பட்டைகளை செவுத்துல வரிசையா தொங்கவிட்டுப் பாத்து, விடிஞ்சும் விடியாத நேரத்துல கறுப்பு எழுத்து பளிச்சுனு தெரியுற மஞ்சளை எடுத்தாங்க. அவ்ளோதான் விஷயம்.

கேள்வி: ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்க சிப்பாய்களுக்கு சும்மாவே புத்தகம் குடுத்தாங்கன்னு கேள்விப்பட்டேன், நிஜமா?

பதில்: நிஜம்தான், எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். 1943லேர்ந்து 1947 வரைக்கும் 1,322 தலைப்புல 12 கோடிக்கு மேல பிரதி அடிச்சு, கடல் தாண்டிப் போன வீரர்களுக்கு குடுத்தாங்க. அந்தப் புத்தகத்தோட உருவமே தனி. உயரத்தைவிட அகலம் ஜாஸ்தி, செக் புக் மாதிரி குட்டைப் பக்கத்துல பின் அடிச்சிருக்கும், உள்ள எழுத்து ரெண்டு பத்தியா ஓடும். வார மாசப் பத்திரிகை அடிக்கிற மெஷின்லயே ரெண்டு புத்தகத்தை மேலயும் கீழயுமா சேத்து அச்சடிச்சு நடுவுல வெட்டி எடுத்ததால வந்த உருவம் அது. யூனிஃபார்ம் பாக்கெட்ல சரியா உக்காரும். பசை வெச்சு ஒட்டினா வெப்பநாட்டுப் பூச்சி தின்னுடும்னு கம்பி பின் போட்டாங்க, யாரோ உக்காந்து இதையெல்லாம் யோசிச்சிருக்காங்க பாருங்க. பிரான்ஸ் கடற்கரையில நார்மண்டிக்கு சண்டை போட கப்பல் ஏறப்போன பசங்க கையிலயும் இதைக் குடுத்து அனுப்பினாங்க. புரூக்ளின்ல வறுமையில வளர்ற ஒரு பொண்ணைப் பத்தி பெட்டி ஸ்மித் எழுதின நாவலைப் படிச்சிட்டு போர்முனையிலேர்ந்து அவங்களுக்கு கடுதாசி மேல கடுதாசி வந்துச்சு. 1925ல வந்த 'தி கிரேட் கேட்ஸ்பி' இருக்கே, எழுதின ஃபிட்ஸ்ஜெரால்ட் 1940ல செத்தப்போ அது விக்காம கெடந்த புத்தகம். இந்தத் திட்டத்துல மட்டும் ஒன்றரை லட்சம் பிரதி போச்சு, அப்புறம் அது எழுந்து நின்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: கார்னகி ஊர் ஊரா லைப்ரரி கட்டினாராமே, அவ்ளோ நல்லவரா?

பதில்: ஆண்ட்ரூ கார்னகி அமெரிக்காவுல பெரிய இரும்பாலை முதலாளி. நெசவாளி மகன், 1848ல ஸ்காட்லாந்துலேர்ந்து வந்தவர். அவர் சின்னப் பையனா இருந்தப்போ, வேலைக்குப் போற பசங்களுக்காக ஆண்டர்சன்னு ஒரு கர்னல் சனிக்கிழமை தோறும் தன் வீட்டுப் புத்தகங்களை எடுத்துப் படிக்க விட்டார், அதை கார்னகி கடைசிவரைக்கும் மறக்கல. அமெரிக்காவுல மட்டும் 1,600க்கு மேல லைப்ரரி அவர் பணத்துல வந்துச்சு. பொதுவா எடத்தை ஊர் குடுக்கணும், கட்டடச் செலவுல பத்துல ஒரு பங்கை வருஷா வருஷம் ஊரே ஒதுக்கணும், இதான் கண்டிஷன். அது நல்ல கண்டிஷன்னுதான் நான் நெனைக்கிறேன், ஊர் தன் பொறுப்புன்னு எடுத்துக்கிட்டாதான் லைப்ரரி நிக்கும்.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. 1892ல ஹோம்ஸ்டெட்ங்குற ஊர்ல அவரோட இரும்பாலையில ஸ்ட்ரைக் நடந்தப்போ துப்பாக்கிச்சண்டையில தொழிலாளிங்க செத்தாங்க, சங்கத்தை ஒடைச்சாங்க. அங்க ஷிஃப்டு 12 மணி நேரம். அவரோட இன்னொரு ஆலை இருந்த பிராடக்ங்குற ஊர்ல 1889ல தெறந்த லைப்ரரிக்கு அடியில குளிக்க எடம் கட்டியிருந்தாங்க, ஆலைக் கரியோட வர்றவன் கழுவிட்டு மேல போகலாம். அந்த குளியலறையை நெனைச்சா சந்தோஷமாவும் இருக்கு, 12 மணி நேரம் நின்னவன் எப்போ படிப்பான்னு வருத்தமாவும் இருக்கு.

கேள்வி: அமெரிக்க லைப்ரரிக்குள்ள எல்லாரும் போக முடிஞ்சுதா?

பதில்: இல்ல. தெற்கு மாநிலங்கள்ல கறுப்பின மக்களுக்கு தனி லைப்ரரி, பல ஊர்ல அதுவும் கெடையாது. மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன்ல 1961 மார்ச் 27ஆம் தேதி டூகலூ காலேஜ் கறுப்பின மாணவர்கள் ஒம்போது பேர், மொதல்ல கறுப்பர் லைப்ரரிக்குப் போய் அங்க இல்லாத புத்தகங்களைக் கேட்டாங்க. இல்லைன்னு பதில் வந்ததும் நேரா வெள்ளையர் லைப்ரரிக்குப் போய், புத்தகத்தை எடுத்து மேஜையில வெச்சு சத்தமில்லாம படிக்க ஆரம்பிச்சாங்க. போலீஸ் வந்து வெளிய போகச் சொல்லிச்சு, யாரும் எழுந்திருக்கல. ஒம்போது பேரையும் கைது பண்ணி, அமைதியைக் கெடுத்தாங்கன்னு ஆளுக்கு 100 டாலர் அபராதம் போட்டாங்க.