சாப்பாட்டு மேசையில் வேலை, கழுத்து வலி: நாற்காலி யார் பொறுப்பு?

வணக்கம். லண்டனில் வீட்டிலிருந்தே வேலை, சாப்பாட்டு மேசையில் எட்டு மணி நேரம், கழுத்து வலி, நாற்காலி கேட்டால் "உங்கள் வீடுதானே, நீங்களே வாங்குங்கள்" என்கிறார் மேலாளர் என்று எழுதியிருந்தீர்கள். அவர் அவ்வளவு சுலபமாகக் கைகழுவ முடியாது.

பிரிட்டனின் 1974ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் பொருந்தும். 1992ஆம் ஆண்டு கணினித்திரை விதிகளின்படி உங்கள் இருக்கையையும் மேசையையும் நிறுவனம் மதிப்பீடு செய்தே ஆக வேண்டும். ஆள் நேரில் வர வேண்டியதில்லை. பயிற்சி கொடுத்து, படிவத்தை உங்களையே நிரப்பச் சொல்லலாம்.

அதனால் நாற்காலி என்று ஆரம்பிக்காதீர்கள். "மதிப்பீடு செய்யுங்கள்" என்று மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். படிவத்தில் வெறுமனே "வலி" என்று எழுதாமல், மரநாற்காலி, உயரம் மாற்ற முடியாது, மடிக்கணினித் திரை கண்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே என்று எழுதுங்கள். படமும் எடுத்து வையுங்கள். நாற்காலி அவசியம் என்று மதிப்பீட்டில் வந்துவிட்டால் செலவை உங்கள் தலையில் கட்ட முடியாது. எனக்கு முதலில் தனித்திரையும் விசைப்பலகையும்தான் வந்தன. பாதி வலி அதிலேயே போய்விட்டது!

அப்புறம், கண் பரிசோதனையும் கேளுங்கள். அதற்கும் அவர்கள்தான் பணம் கட்ட வேண்டும். கண்ணாடிக்கு மட்டும், திரைவேலைக்கென்றே தனியாகத் தேவைப்பட்டால்தான் தருவார்கள்.