மகாவலியில் துடுப்புப் பயணம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையைச் சேர்ந்த ஐந்து நண்பர்கள். கண்டியிலிருந்து திருகோணமலை வரை மகாவலி வழியே கயாக் படகுகளில் துடுப்பு வலித்தே செல்ல விரும்புகிறோம். இது சாத்தியமா? எந்த மாதம் ஏற்றது?

பதில்: கண்டியிலிருந்து புறப்படுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலி இன்று தடையின்றி ஓடும் ஆறு அன்று. பொல்கொல்லையில் அதன் நீரின் ஒரு பகுதி சுரங்கவழியாக உக்குவெலைக்குத் திருப்பப்படுகிறது. அதற்குக் கீழே விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே அணைக்கட்டுகள் அடுத்தடுத்து வருகின்றன. விக்டோரியா அணையின் உயரம் 122 மீற்றர். ஒவ்வோர் அணையிலும் படகுகளை லொறியில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால், ஆற்றில் இருக்கும் நேரம் சொற்பமே.

ஆறு சமவெளியை அடையும் மினிப்பேக்குக் கீழே தொடங்குங்கள். ஆனால் படகை இறக்கும் இடம் அங்குள்ள அணைக்கு நன்கு அப்பால் இருக்க வேண்டும். அணையின் மேலால் விழும் நீர் அடியில் சுழன்று மேற்பரப்பில் பின்னோக்கி வருவதால், கீழே நிற்கும் படகையும் அது அணையை நோக்கியே இழுக்கும். அந்தச் சுழலில் அகப்பட்டவரை உயிர்காப்பு அங்கியும் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது.

மேலே வான்கதவுகள் திறக்கப்பட்டால், மழையே பெய்யாத இடத்திலும் நீர்மட்டம் இரவோடிரவாக உயரும். மணல்திட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் கூடாரம் அடிக்காதீர்கள். கரையில் தங்கும்போதும் நீர்விளிம்பில் ஒரு தடியை நட்டு, காவலிருப்பவர் அதை அடிக்கடி பார்க்கட்டும்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழையால் கீழ்ப்பகுதியில் வெள்ளம் வரக்கூடும். ஓகஸ்டிலோ மணல்திட்டுகளில் படகை இழுக்க நேரிடும். வரட்சியால் யானைகளும் ஆற்றோரத்திற்கு வந்துவிடும். வெள்ளம் வடிந்த மார்ச் மாதமே என் தெரிவு. முதலைகளும் உள்ளதால் பொழுது சாயுமுன் கரையேறிவிடுங்கள். வஸ்கமுவ, சோமாவதி முதலிய தேசியப் பூங்காக்களை ஆறு தொட்டுச் செல்வதால், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி கிடைத்த பின்னரே திகதியை முடிவு செய்யுங்கள். எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மருந்து பற்றி வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

அதற்கு முன், முழுச் சுமையுடன் பொல்கொட ஏரியில் பயிற்சி செய்யுங்கள். கவிழ்ந்த படகில் மீண்டும் ஏறத் தெரியாத எவரையும் அழைத்துச் செல்ல வேண்டாம். ஆற்றின் கடைப்பகுதியில் வெருகல் ஆறு கிளையாகப் பிரிகிறது. திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவுக்குச் செல்லும் கிளை எது என்பதை ஐவரும் வரைபடத்தில் முன்னரே பார்த்து வைத்திருக்க வேண்டும்.