மூட்டுத் தேய்மானம் உள்ள அம்மாவை உடற்பயிற்சி செய்யவைக்க ஆப், யூடியூப் எல்லாம் உதவுமா?

உதவும். எனக்கும் இரண்டு முழங்காலிலும் தேய்மானம் இருக்கிறது, போனை வைத்துத்தான் பயிற்சியை விடாமல் செய்துவருகிறேன். அதனால் அனுபவத்தோடு சேர்த்தே சொல்கிறேன்.

"நடந்தால் இன்னும் தேய்ந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பயத்தைப் போக்குங்கள். மூட்டில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டு அசைந்து, அது அழுந்தி விரியும்போதுதான் சுற்றியுள்ள திரவத்திலிருந்து அதற்குச் சத்து போய்ச்சேருகிறது. தொடையின் முன்பக்கத் தசை வலுவானால் முழங்கால் மேல் விழும் பாரமும் குறையும். இதை ஒரு பிசியோதெரபிஸ்ட் வாயால் அம்மா கேட்டுவிட்டால் ரொம்ப நல்லது. பயம் போகாதவரை எந்த ஆப் மணியடித்தாலும் அவருக்கு அது தொல்லையாகத்தான் இருக்கும்.

அடுத்தது, காலடி எண்ணும் ஆப். பல ஆப்கள் திறந்ததுமே 10,000 அடி என்று இலக்கு வைக்கின்றன. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயரோடு பரவிய எண் அது. மூட்டுவலிக்காரர்களை மனதில் வைத்து யாரும் கணக்குப் போட்டுச் சொன்னதில்லை. முதல் வாரம் அம்மா வழக்கம்போல் இருக்கட்டும், போன் மட்டும் கூடவே இருக்கட்டும். அந்த வாரத்தின் சராசரியை எடுத்து, அதற்குமேல் கொஞ்சமாகக் கூட்டி இலக்கு வையுங்கள். அவர் வாக்கர் பிடித்து நடப்பவர் என்றால் கையில் கட்டும் பட்டை சரியாக எண்ணாது, ஏனென்றால் கை வீசுவதே இல்லை. போனைப் பையில் போட்டு இடுப்போடு வைத்துக்கொள்வது மேல். தொடர்ந்து எத்தனை நாள் செய்தீர்கள் என்று காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். வலி கூடுதலாக இருக்கும் நாளில் ஓய்வெடுத்தால் அந்தக் கணக்கு பூஜ்யமாகிவிடும். அதைப் பார்த்து மனம் தளர்ந்து ஆப்பையே நீக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் பெரிதும் நம்புவது ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகக் குழு செய்து பார்த்த முறையை. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு 'மை நீ எக்சர்சைஸ்' என்ற இலவச இணையதளத்தில் பயிற்சிகளைக் கொடுத்து, 24 வாரம் தானியங்கிக் குறுஞ்செய்திகள் அனுப்பினார்கள். நேரில் யாரும் மேற்பார்வை செய்யவில்லை. வெறும் தகவல்களை மட்டும் படித்தவர்களைவிட இவர்களுக்கு வலி குறைந்து, நடமாட்டமும் நன்றாகவே தேறியிருந்தது. முடிவுகள் 2021-ல் வெளியாயின. அந்தக் குறுஞ்செய்திகள் "இந்த வாரம் எத்தனை முறை செய்தீர்கள்?" என்று கேட்கும். குறைவாக இருந்தால் காரணத்தையும் கேட்டு, அதற்கேற்ற யோசனையைப் பதிலாக அனுப்பும். இதை நீங்களே வாட்ஸ்அப்பில் செய்யலாம். "செய்தீங்களா?" என்று மட்டும் கேட்டால் "ஆச்சு" என்று பதில் வரும், அவ்வளவுதான். "எது கஷ்டமா இருந்துச்சும்மா?" என்று கேட்டுப் பாருங்கள், விஷயம் வெளியே வரும். மறந்துபோச்சு என்றால் ஒரு அலாரம் வைத்தால் போதும். வலி என்றால் பயிற்சியைக் குறைக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி கையாள முடியாது.

யூடியூபில் பிசியோதெரபிஸ்ட் நேரடியாகச் செய்துகாட்டும் வீடியோவாகப் பார்த்து, ஒன்றிரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியில் ஆரம்பிக்கலாம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். எழுவது கடினமாக இருந்தால் மேலே ஒரு கெட்டியான மெத்தையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். எழுந்து நின்றபின் தொப்பென்று விழாமல், மெதுவாக இறங்கி உட்கார வேண்டும். அந்த இறக்கத்திலும் தசைக்கு நல்ல வேலை இருக்கிறது. முதல் சில தடவை வீடியோ காலில் நீங்கள் பாருங்கள், கேமரா அவருடைய முழங்கால் உயரத்தில் இருக்கட்டும். முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று தெரிய வேண்டும்.

செய்யும்போது கொஞ்சம் வலிப்பது சகஜம். இரண்டு மணி நேரம் கழித்தும் முன்பு இருந்ததைவிட வலி கூடுதலாக இருந்தால் அடுத்த தடவை எண்ணிக்கையைக் குறையுங்கள், அடியோடு நிறுத்த வேண்டாம்.

வாரத்துக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்வதை இப்போதே அவரிடம் சொல்ல வேண்டாம். கொஞ்சம் அசைந்தாலும் சும்மா இருப்பதைவிட நல்லது என்று அதே அமைப்பு சொல்வதைச் சொல்லுங்கள்.

மூட்டு சூடாகிச் சிவந்து வீங்கினாலோ, கூடவே காய்ச்சல் வந்தாலோ, காலையில் விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடித்தாலோ, ஆப்பை ஓரம் வைத்துவிட்டு முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அது தேய்மானமாக இல்லாமல் வேறு வகை மூட்டு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் வேறு, பயிற்சியை ஆரம்பிக்கும் நேரமும் வேறு.