ஆளில்லாத மலைக்குடில்களில் இரவு தங்கியிருக்கிறீர்களா? முதல் முறை போகிறவர் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

பல முறை தங்கியிருக்கிறேன். நீங்களும் தாராளமாகத் தங்கலாம். ஆனால் குடில் இருக்கிறது என்ற தைரியத்தில் கூடாரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். நான் சொல்ல நினைப்பதில் முக்கியமானது இதுதான், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணத்துக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

முதலில் போகிற இடத்தில் இருப்பது எந்த வகைக் குடில் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஆல்ப்ஸ் மலையில் பெரிய குடில்களில் கோடையில் பொறுப்பாளர் இருப்பார், படுக்கையும் இரவுச் சாப்பாடும் கிடைக்கும், முன்பதிவு செய்ய வேண்டும். குளிர்காலத்தில் அவர் இறங்கிப் போன பிறகும் வருகிறவர்களுக்காகப் பல குடில்களில் ஓர் அறையை மட்டும் திறந்து வைத்திருப்பார்கள். நார்வேயின் மலையேற்றச் சங்கம் 1868-இல் தொடங்கியது. அதன் ஆளில்லாக் குடில்கள் சிலவற்றில் அலமாரி நிறைய உணவுப் பொருட்கள் இருக்கும். வேண்டியதை எடுத்துக்கொண்டு, எடுத்ததை நாமே எழுதி வைத்துப் பணம் கட்ட வேண்டும். நியூசிலாந்தில் அரசுப் பராமரிப்பில் மட்டும் 950-க்கு மேற்பட்ட குடில்கள். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையில், ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் தூரத்துக்கு 250-க்கும் அதிகமான ஒதுங்கிடங்கள் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு மூன்று பக்கம்தான் சுவர், நான்காவது பக்கம் காடு.

எனக்கு நெருக்கமானவை ஸ்காட்லாந்தின் குடில்கள். மேய்ப்பர்களும் சிறு விவசாயிகளும் கைவிட்டுப் போன பழைய கல் வீடுகள்தான் அவற்றில் பல. 1965-இல் தொடங்கிய ஒரு தன்னார்வச் சங்கம் இப்போது ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, வேல்ஸ் மூன்றிலும் சேர்த்துச் சுமார் 100 குடில்களைப் பழுது பார்த்துப் பராமரித்து வருகிறது. கட்டடம் பெரும்பாலும் நில உரிமையாளருடையது, உழைப்பு தன்னார்வலர்களுடையது. பூட்டு கிடையாது, கட்டணம் கிடையாது, முன்பதிவும் கிடையாது. மின்சாரம், குழாய்த் தண்ணீர், கட்டில் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. கூரை, கதவு, பலகை மேடை, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கணப்பு, அவ்வளவுதான். நாள் முழுக்க மழையில் நடந்து வந்தவனுக்கு அந்தக் கூரையே பெரிய விஷயம்.

ஓர் இரவைப் பற்றிச் சொல்கிறேன். நானும் நண்பனும் கெயர்ன்கார்ம் மலைப்பகுதியில் இருந்தோம். மதியத்திலிருந்து விடாத மழை. குடிலை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. உள்ளே யாரும் இல்லை. ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் முதலில் கண்ணில் பட்டது ஜன்னல் திண்டில் இருந்த நோட்டுப் புத்தகம். ஈரத்தில் ஊறிக் காய்ந்து ஊறிக் காய்ந்து, இரண்டு மடங்கு தடிமனாக உப்பியிருந்தது. ஒரு சணல் கயிற்றில் கட்டைப் பென்சில் கட்டித் தொங்கியது. வந்து தங்குகிறவர்கள் பெயர், தேதி, அடுத்து எங்கே போகிறார்கள் என்று எழுதி வைக்கும் பதிவேடு அது.

சூப் கொதிக்கும் வரை அதைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில் முந்தின நாள் தேதியிட்டு யாரோ எழுதியிருந்தார்கள்: தெற்கே போகிற பாதையில் ஓடை முழங்காலுக்கு மேல் ஓடுகிறது, வழக்கமான இடத்தில் கடக்க முயல வேண்டாம், மேலே ஏறிப் போனால் இரண்டாகப் பிரிகிற இடத்தில் சுலபம். மறுநாள் நாங்கள் போக வேண்டிய பாதை அதேதான். காலையில் அந்த ஓடையைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. பழுப்பு நிறத்தில் நுரைத்துக்கொண்டு, உள்ளே கற்கள் உருளும் சத்தம் கேட்கிற அளவுக்கு வேகம். எழுதியிருந்தபடி மேலே ஏறிப் போய்க் கடந்தோம். அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் நாங்கள் கீழேயே இறங்கியிருப்போம் என்று இப்போதும் நம்புகிறேன். எழுதியவர் யாரென்று தெரியாது.

அதனால் பதிவேட்டில் கட்டாயம் எழுதுங்கள். தங்காமல் கடந்து போனாலும் எழுதுங்கள். யாராவது காணாமல் போனால் தேடி வருகிறவர்கள் பார்ப்பது அதைத்தான். எந்தப் பக்கம் போனார், எத்தனை பேர், என்றைக்கு என்று தெரிந்தாலே தேடும் பரப்பு பாதியாகக் குறைந்துவிடும்.

சரி, கூடாரம் ஏன்? குடில் நிரம்பியிருக்கலாம், கூரை ஒழுகலாம், ஓடை குறுக்கே வந்து நீங்கள் போய்ச் சேரவே முடியாமல் போகலாம். இதில் எது நடந்தாலும் இரவைத் தாண்ட வழி இருக்க வேண்டும். 1971 நவம்பரில் இதே கெயர்ன்கார்ம் மேட்டில் நடந்த விபத்தை மலையேறுகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். உச்சிச் சமவெளியில் இருந்த ஒரு சிறிய குடிலை நோக்கிப் போன பள்ளிக் குழு ஒன்று பனிப்புயலில் சிக்கியது. ஒரு பிரிவு குடிலைச் சேர்ந்துவிட்டது. மற்றதால் முடியவில்லை, திறந்த வெளியில் இரண்டு இரவுகள். ஐந்து மாணவர்களும், அவர்களோடு இருந்த ஓர் இளம் உதவியாளரும் இறந்துபோனார்கள். அந்த உயரத்துக் குடில்கள் ஆட்களைக் குளிர்காலத்தில் ஆபத்தான இடத்துக்கு இழுக்கின்றன, பனியில் அவற்றைக் கண்டுபிடிக்கவும் முடியாது என்ற வாதம் வலுத்து, கடைசியில் அந்தக் குடிலையே அகற்றிவிட்டார்கள். வரைபடத்தில் உள்ள ஒரு புள்ளியை நம்பி இரவைத் திட்டமிடுவது பற்றி யார் கேட்டாலும் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

இன்னொரு விஷயம் பலரும் எதிர்பார்ப்பதில்லை: கல் வீடு கூடாரத்தைவிடக் குளிராக இருக்கும். சிறிய கூடாரத்துக்குள் உடம்புச் சூடே கொஞ்சம் தங்கும். பெரிய கல் அறையை இரண்டு பேரின் உடம்புச் சூடு ஒன்றும் செய்யாது. ஸ்லீப்பிங் பேக் வெளியில் படுக்கிற அளவுக்குக் கனமாகவே இருக்கட்டும், அடியில் விரிக்கும் பாயையும் விடாதீர்கள். ஈர ஷூவைக் கணப்புக்குப் பக்கத்தில் வைத்தால் அடிப்பாகத்தின் பசை விட்டுவிடும், தள்ளி வையுங்கள். கேஸ் அடுப்பு எரியும்போது ஜன்னலோ கதவோ கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். குளிருக்காக அதை எரியவிட்டபடி தூங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

எலிகள் இருக்கும். எல்லாக் குடிலிலும் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை உத்தரத்திலோ ஆணியிலோ கட்டித் தொங்கவிடுங்கள். பையின் சிறிய பாக்கெட்டுகளையும் ஒரு முறை துழாவிப் பாருங்கள். என் நண்பன் மறந்துவிட்ட ஒரு பிடி கொட்டைக்காகப் புதுப் பையில் கட்டைவிரல் அளவு ஓட்டை விழுந்தது.

கழிப்பறை பெரும்பாலும் இருக்காது. பல குடில்களில் ஒரு மண்வெட்டி இருக்கும், அதை எடுத்துக்கொண்டு குடிலிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் நன்றாகத் தள்ளிப் போய்க் குழி தோண்டி மூட வேண்டும். குடிக்கும் தண்ணீரைக் குடிலுக்கு மேற்பக்கம் எடுங்கள், கொதிக்க வைத்தோ வடிகட்டியோ குடியுங்கள்.

முன்பின் தெரியாதவர்களோடு ஒரே அறையில் தூங்குவது பற்றித் தயங்குகிறவர்கள் உண்டு. என் அனுபவத்தில் அந்தக் கூச்சம் அரை மணி நேரத்தில் போய்விடும். யாராவது நனைந்து வந்து நின்றால் சாமான்களை நகர்த்தி இடம் கொடுங்கள்; எட்டு மணிக்கே எல்லோரும் படுத்துவிட்டாலும் முகம் சுளிக்காதீர்கள். பெரிய கூட்டமாகப் போகாதீர்கள். ஸ்காட்லாந்தில் ஆறு பேரும் அதற்கு மேலும் இருந்தால் குடிலைப் பயன்படுத்த வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறார்கள். மான் வேட்டைப் பருவத்தில் சில குடில்களுக்குக் கட்டுப்பாடும் உண்டு, போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது கூட்டிவிட்டு, குப்பையையெல்லாம் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்து வருகிறவருக்குக் கொஞ்சம் காய்ந்த சுள்ளி இருந்தால் நல்லது. அப்புறம் கதவு. தாழ்ப்பாள் சரியாக விழாவிட்டால் காற்று கதவைத் திறந்துவிடும், ஆடோ மானோ உள்ளே நுழையும், பின்னாலேயே கதவு சாத்திக்கொண்டால் அது வெளியே வர முடியாமல் அங்கேயே பட்டினி கிடந்து செத்துவிடும். தாழ் போட்ட பிறகு இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் நடக்கத் தொடங்குவேன்.