ஹிப்னாடிசமும் படச்சுருளும்

கேள்வி: மேடையில் ஆட்களைத் தூங்க வைத்து வேடிக்கை காட்டுகிறார்களே, அந்த ஹிப்னாடிசத்தை மருத்துவர்கள் உண்மையிலேயே சிகிச்சைக்குப் பயன்படுத்தியது உண்டா? சினிமா பிறந்த புதிதிலேயே அதைப் படம் பிடித்ததாகவும் கேள்விப்பட்டேன். விளக்க முடியுமா?
- வாசகி ஒருவர், கும்பகோணம்.

பதில்: உண்டு. ஹிப்னாடிசத்துக்கு முன்னோடி, பாரிஸில் மெஸ்மர் என்ற மருத்துவர் பரப்பிய காந்த சிகிச்சை (மெஸ்மரிசம்). அதை 1784இல் ஆராய்ந்த அரசுக் குழு (பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாய்சியரும் அதில் இருந்தனர்), காந்த சக்தி என்று எதுவும் இல்லை, எல்லாம் நோயாளியின் கற்பனையே என்று கூறிவிட்டது. கற்பனைக்கு அவ்வளவு வலிமை இருக்குமானால் அதுவே ஆராயத்தக்கது அல்லவா? மான்செஸ்டர் மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு 1840களில் காந்தத்தை ஒதுக்கிவிட்டு அந்த வழியில்தான் சென்றார். ஹிப்னாடிசம் என்ற சொல்லைப் பரப்பியவரும் அவரே. அதே காலத்தில் வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற மருத்துவர், நோயாளிகளை மெஸ்மரிசத் தூக்கத்தில் ஆழ்த்திப் பெரிய கட்டிகளை அறுத்தெடுத்தார். ஈதர், குளோரோஃபார்ம் ஆகிய மயக்க மருந்துகள் வந்தபின் அதற்குத் தேவை இல்லாமல் போயிற்று.

படம் பிடித்தவர் ருமேனிய நரம்பியல் மருத்துவர் கியோர்கே மரினெஸ்கு. ஹிஸ்டீரியா (உடலில் பழுதில்லாமலே கைகால் செயலிழப்பது போன்ற கோளாறு) நோயாளிகளை ஹிப்னாடிசத்தால் ஆராய்ந்து புகழ்பெற்ற பாரிஸ் மருத்துவர் ஷார்கோவிடம் பயின்றவர். லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் கட்டணத் திரைப்படக் காட்சி நடத்தி மூன்றாண்டுகளுக்குள், 1898இல், புக்காரெஸ்டில் பக்கவாத நோயாளிகள் நடப்பதைப் படமாக்கினார். மறு ஆண்டு எடுத்த படம்தான் நீங்கள் கேட்பது: ஹிஸ்டீரியாவால் ஒரு பக்கம் செயலிழந்தவர் ஹிப்னாடிசத்தால் குணமான கதை.

இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் நோக்கம் விளங்கும். மூளையில் பாதிப்பு ஏற்பட்டு வரும் பக்கவாதத்தில் நோயாளி விறைத்த காலை வெளிப்புறமாக அரைவட்டம் போட்டுச் சுழற்றி வைப்பார். ஹிஸ்டீரியா வாதத்திலோ கால் பின்னாலேயே தரையில் இழுபடும். மூளையும் நரம்பும் கெடாத இரண்டாம் வகையில்தான் ஹிப்னாடிசத்தின்போது மருத்துவர் சொல்லும் சொல்லுக்குப் பலன் இருந்தது. கண்ணுக்கு நொடியில் நழுவிப்போகும் இந்த வேறுபாட்டைப் பிடிப்பதற்காக மரினெஸ்கு படச்சுருளின் சட்டங்களை (ஃபிரேம்களை) ஒவ்வொன்றாகத் தாளில் கோட்டோவியமாகப் பிரதி எடுத்தார். அவை பிரெஞ்சு மருத்துவ இதழில் கட்டுரைகளோடு வெளிவந்தன. திரையரங்கே இல்லாத ஊரில் இருந்த மருத்துவரும் தாளைப் புரட்டியே அந்த நடையைப் படித்துக்கொள்ளலாம் என்பது, என் கணக்கில், படம் எடுத்ததைவிடக் கெட்டிக்காரத்தனம். ஆனால் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இருந்த நடையைத்தான் கேமரா காட்டியது. குணத்துக்குக் காரணம் ஹிப்னாடிசமே என்பதை மருத்துவரின் எழுத்திலிருந்துதான் அறிய வேண்டியிருந்தது.